கூட இருந்தவர்களின் கொலு

சந்தாபுராவில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் வீடுகள் இரண்டே வகை: ஃபேமிலி, பேச்சுலர். இரண்டாவது மாடியில் ஒருவர் தனியாக இருக்கிறார். மனைவியும் பிள்ளைகளும் கோயம்புத்தூரில். அவர் ஃபேமிலி. நாங்கள் இரண்டு பெண்கள். ஒரே மிக்ஸி, ஒரே கேஸ் இணைப்பு, பால்கனியில் ஒரு கறிவேப்பிலைச் செடி, தண்ணீர் கேனை யார் மாற்றுவது என்று இன்னும் தீராத ஒரு சண்டை. நாங்கள் பேச்சுலர்.

நான் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்கிறேன். மருத்துவக் கருவிகளுக்குள் ஓடும் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. ஊர் குடியாத்தம். அவள் சிவாஜிநகரில் ஒரு பல் லேபில் டெக்னீஷியன். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து மெழுகில் பல் செதுக்கி, கேப்பும் செட்டும் செய்து தருவாள். அவளுடையது கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்த குடும்பம். சுரங்கம் மூடியபின் லிங்கராஜபுரத்துக்கு வந்துவிட்டார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச், கிறிஸ்துமஸுக்கு வீடடங்காத குடில். நாங்கள் இருவரும் காதலித்து, சேர்ந்து வாழ்கிறோம். இதை எழுத இவ்வளவு சின்ன வாக்கியம் போதும். அடுக்குமாடியில் சொல்ல மட்டும் எங்களுக்கு வாக்கியமே கிடைக்காமல் இருந்தது.

நவராத்திரி வந்தால் எங்கள் கட்டிடம் கலகலப்பாகிவிடும். சாயங்காலம் ஆனால் லிஃப்ட்டில் பட்டுப்புடவை, மல்லிகை, சுண்டல் வாசனை. ஃபேமிலி வீட்டுப் பெண்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் கொலு பார்த்து, பாடத் தெரிந்தவர்கள் பாடி, தாம்பூலம் வாங்கி வருவார்கள். இன்று யார் வீடு, நாளை யார் வீடு என்று வாட்ஸ்அப் குழுவில் முறை போடுபவர் மூன்றாவது மாடி ஆன்ட்டி. எங்கள் வீட்டு ஓனர் துபாயில் இருக்கிறார். ஆன்ட்டி அவருக்கு அத்தை மகள். சாவி, வாடகை ஒப்பந்தம், குடியிருப்பது யார் என்பதெல்லாம் ஆன்ட்டியின் கையில்தான். எங்களை இங்கே வைத்ததும் அவர்தான். "ரெண்டும் அடக்கமான பொண்ணுங்க" என்று ஓனரிடம் ஃபோனில் சொன்னதை நாங்களே பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறோம்.

ஒவ்வொரு வருடமும் ஆன்ட்டி எங்களைக் கூப்பிடுவார். "ரெண்டு பொண்ணுங்களும் வந்து சுண்டல் வாங்கிட்டுப் போங்கம்மா." போவோம். மற்ற பெண்களுக்கு ரவிக்கைத் துணி, எங்களுக்குக் குழந்தைகளோடு சேர்த்து ஹேர்கிளிப்பும் ஸ்டிக்கர் பொட்டும். அவளுக்குத் தலைமுடி காதுக்கு மேலே. கிளிப்பை அவள் லேபில் பில்களைச் சேர்த்துக் குத்தி வைக்கப் பயன்படுத்தினாள்.

போன வருடம் புரட்டாசி தொடங்கிய வாரம், தோசை சுட்டுக்கொண்டிருந்தவள் திரும்பிச் சொன்னாள்.

"இந்த வருசம் நம்ம வெச்சிடலாம்."

"என்னத்தை?"

"கொலு."

"உனக்கும் கொலுவுக்கும் என்னடி சம்பந்தம்?"

"குடில் வெக்கறவளுக்கு கொலு வெக்கத் தெரியாதா? அங்க ஒரு கொட்டகை, இங்க படி. பொம்ம பொம்மதானே." தோசையைப் புரட்டிவிட்டு, குரல் கொஞ்சம் இறங்கிச் சொன்னாள். "வந்ததுலேர்ந்து எல்லார் வீட்டு சுண்டலும் துன்னுட்டு வரோம். இந்த பில்டிங்காரங்க யாராச்சும் நம்ம வீட்டு வாசப்படி தாண்டி வந்திருக்காங்களா? பிளம்பர தவிர?"

"பிளம்பர் பில்டிங்காரர் இல்லை."

"அதான் சொல்றேன்."

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒருமுறையாவது இந்த வீட்டை ஒரு வீடு என்று நினைத்து யாராவது வந்து போக வேண்டும். எனக்கும் அது வேண்டும். ஆனால் என் தொழில் புத்தி, எது எங்கே உடையும் என்றுதான் முதலில் யோசிக்கும். வருபவர்கள் ஹாலோடு நிற்பார்களா? ஒரு அறையில் ஒரே கட்டில். இன்னொரு அறை முழுக்க மெழுகும் ஜிப்சமும் அவளுடைய சின்ன மோட்டாரும். பார்த்துப் புரிந்துகொண்டால், புரிந்தது பிடிக்காமல் போனால், ஆன்ட்டியிடமிருந்து துபாய்க்கு ஒரு ஃபோன் தூரம். டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிறது. இதையெல்லாம் அவளிடம் வரிசையாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சரி, தீம் இன்னா?" என்றாள்.

எங்கள் கட்டிடத்தில் தீம் இல்லாமல் கொலு கிடையாது. மெட்ரோ ரயில், நிலாவுக்குப் போன ராக்கெட், கிரிக்கெட் கோப்பை எல்லாம் வந்துவிட்டன. சாதனைப் பெண்கள் வருடாவருடம் எங்காவது ஒரு வீட்டில் இருக்கும்.

"நாமளும் சாதனைப் பொம்பளைங்கதான்," என்றாள். "ஆனா நம்மள மாதிரி பொம்பளைங்க. பொம்பளைய லவ் பண்ணவங்க."

அன்று மாலையே ஒரு எக்செல் திறந்தேன். வேறு எப்படித் தொடங்குவதென்று எனக்குத் தெரியாது. தொழில், காலம், நாடு, ஆதாரம் என்று பத்திகள். கவிகள் நிறைய கிடைத்தார்கள். டாக்டர்கள், ஓவியர்கள், பள்ளிக்கூடம் தொடங்கியவர்கள், டென்னிஸ் ஆடியவர்கள், விண்வெளிக்குப் போனவர்கூட. நான் எதிர்பார்த்ததைவிட நீண்டுகொண்டே போனது. பள்ளியிலும் கல்லூரியிலும் இவர்களில் சிலரைப் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன். அவர்கள் வீட்டில் இன்னொரு தட்டு வைக்கப்பட்டிருந்தது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

ஆதாரம் என்ற பத்தியில்தான் எங்களுக்குள் சண்டை. தானே வாயால் சொன்னவர்கள், அல்லது வாழ்நாளெல்லாம் ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்தியது தெளிவாகத் தெரிந்தவர்கள் மட்டும் போதும் என்றேன்.

"நீ இன்னா கோர்ட்டா?"

"நாம பாட்டுக்கு யாரையாவது சேர்த்துட்டா அது தப்புடி. அவங்க வாழ்க்கை அது."

அதற்கு அவள் ஒத்துக்கொண்டாள். ஆனால் தேடத் தேட ஒரு வேடிக்கை தெரிந்தது. கட்டுரை முழுக்க அந்த அம்மாள் படித்தது, கண்டுபிடித்தது, விருது வாங்கியது எல்லாம் இருக்கும். கடைசிப் பத்தியில், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது ஞாபகம் வந்து சொல்வதுபோல, ஒரே ஒரு வரி. அந்த வரியில் இன்னொரு பெண் இருப்பாள். அவளுக்கு என்ன பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று எக்செலில் தனியாக ஒரு பத்தி சேர்த்தேன். நெருங்கிய தோழி. செயலாளர். பயணத்துணை. வீட்டு நிர்வாகி. ஓரிடத்தில் தூரத்து உறவினர். ஒரு டாக்டரம்மாவையும் அவர் தோழியையும் ஒரே இடத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். கட்டுரை அதையும் சொல்லிவிட்டு மறுபடி தோழி என்கிறது.

அவள் என் தோளுக்கு மேலிருந்து படித்துவிட்டுச் சிரித்தாள். "செத்தும் பக்கத்துல பக்கத்துலயே படுத்துன்னு கீறாங்க. இன்னும் தோழியாம்." பிறகு, "நம்மள இன்னா போடுவாங்க?" என்றாள்.

"ஃப்ளாட்மேட்."

"ரென்ட் ஷேரிங் பேசிஸ்."

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவள் சொன்னதுதான் எங்கள் கொலுவைத் தீர்மானித்தது. "கூட இருந்தவளுக்கும் ஒரு பொம்ம செய்யறேன். ஒவ்வொருத்திக்கும். கொலுல யாரு தனியா நிக்கறாங்க? ராமர்னா சீதை, கடை வெச்சிருக்க செட்டியார்னா பக்கத்துல அவரு வூட்டம்மா. எல்லாம் ஜோடிதானே."

கொலு எங்கள் வீட்டு வழக்கம். எத்தனையோ வருடம் அட்டைப்பெட்டியிலிருந்து பொம்மைகளைப் பிரித்து அம்மாவிடம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இது எனக்குத் தோன்றியதே இல்லை.

முதலில் வேண்டியது மரப்பாச்சி. அது இல்லாமல் படி கட்டக்கூடாது. ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி, கல்யாணத்தின்போது பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தனுப்புவார்கள். எனக்கென்று ஒரு ஜோடி குடியாத்தத்தில் அம்மாவின் பீரோவில் இருக்கிறது. அதைக் கேட்கும் நிலையில் நானும் இல்லை, கொடுக்கும் நிலையில் அம்மாவும் இல்லை. அதனால் மல்லேஸ்வரத்தில் ஒரு பொம்மைக் கடைக்குப் போனோம். பெண் மரப்பாச்சி இரண்டு வேண்டும் என்றேன். கடைக்காரர் முடியாது என்று தலையாட்டினார்.

"ஜோடிய பிரிச்சுக் கொடுக்கறதில்ல மேடம். ராஜா-ராணி சேர்ந்துதான்."

"அப்ப ரெண்டு ஜோடி கொடுங்க," என்றாள் அவள்.

அவர் முகம் மலர்ந்தது. "எரடு மதுவேயா?" இரண்டு கல்யாணமா என்று கேட்கிறார்.

"இல்லண்ணா. ஒந்தே மதுவே," என்றாள். ஒரே கல்யாணம்தான்.

நான் சட்டென்று பக்கத்திலிருந்த யானை பொம்மையைக் கையில் எடுத்து அதன் தும்பிக்கையை ஆராய ஆரம்பித்தேன். கடைக்காரர் ஒரு நொடி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், யானையைப் பார்த்தார். நான்கு பொம்மைகளையும் செய்தித்தாளில் சுற்றப் போனார்.

"ராணிங்க ரெண்டையும் ஒண்ணா சுத்திடுங்கண்ணா," என்றாள். அவர் அப்படியே செய்தார்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு ராஜாக்களை என்ன செய்வது என்ற கேள்வி. உட்கார வைக்க முடியாத பொம்மைகள். கொலுவின் அடியில் போடும் பூங்காவில் அவர்களை ஒரு மரத்தடியில் நிற்க வைத்து, இருவர் கையிலும் சின்னதாக மடித்த செய்தித்தாளைச் செருகினாள். சந்தாபுரா டீக்கடையில் காலையில் நிற்பவர்கள் மாதிரியே ஆகிவிட்டார்கள்.

அதன்பின் அவள் வேலை தொடங்கியது. லேபிலிருந்து வந்து குளித்துவிட்டு, மெழுகும் சின்னச் சின்னக் கத்திகளுமாக உட்கார்ந்துவிடுவாள். மெழுகில் உருவம், அதற்கு அச்சு, அச்சில் ஜிப்சம், காய்ந்தபின் வண்ணம். டென்னிஸ்காரிக்கு மட்டை, பல்லுக்குக் கட்டும் கம்பியில். டாக்டரம்மாவின் ஸ்டெதாஸ்கோப்பும் அதே கம்பிதான். பல் கிளிப்பைக் கழற்றியபின் மாட்டக் கொடுப்பார்களே, கண்ணாடி மாதிரி ஒரு உறை, அந்தத் தகட்டைச் சூடாக்கி விண்வெளிக்காரிக்குத் தலைக்கவசம் செய்தாள். மாடுகளையும் குதிரைகளையும் வரைந்தே பேர் வாங்கிய ஓவியருக்கு ஒரு பசு வேண்டியிருந்தது. அதற்குக் குடில் பெட்டியைத் திறந்தாள். பசுவோடு ஆட்டு மந்தையும் வந்து சேர்ந்தது.

மிகப் பழைய காலத்துக் கவி ஒருத்தி. அவள் பாட்டெல்லாம் துண்டு துண்டாகத்தான் கிடைத்திருக்கிறது. கூட இருந்தது யார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் அவளைச் சுற்றி நாலைந்து பெண்களை உட்கார வைத்து, பக்கத்தில் ஒரு இடத்தைக் காலியாக விட்டோம். ஓட்டப்பந்தயக்காரி ஒருத்தி. தன்னைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிட்டாள், ஆனால் தன் துணையைப் பத்திரிகைக்காரர்களிடம் காட்ட விரும்பவில்லை. அந்தத் துணையின் பொம்மை மட்டும் எங்கள் கொலுவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பின்னல் மட்டும் தெரியும். இது என் யோசனை. அவள் அந்தப் பின்னலைச் செதுக்க ஒரு முழு ஞாயிறு எடுத்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் வண்ணம் அடித்து வரிசையாக வைத்தபோதுதான் ஒன்று தெரிந்தது. எல்லாருக்கும் பல்.

"ஏன்டி எல்லாரும் ஈன்னு சிரிக்கறாங்க?"

"அப்பிடியா?" உற்றுப் பார்த்தாள். கவி, டாக்டர், ஓவியர், பள்ளிக்கூடத்தம்மா, அத்தனை பேரும், கூட இருந்தவர்களும், கடைவாய் வரை தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முகம் காட்டியவர்களில் வாயை மூடிய ஒருத்தி இல்லை. பல் ஒவ்வொன்றும் அளவெடுத்தது மாதிரி. "கை தானா செஞ்சிட்ச்சி போல."

"பழைய காலத்து ஆளுங்களுக்கு இவ்வளவு நல்ல பல் இருந்திருக்குமா?"

"இல்லாங்காட்டி இன்னா, இப்ப கட்டிக் குடுத்துட்டேன்."

படி அடுக்குவதிலும் சின்னக் குழப்பம். நான் அலுவலகத்திலிருந்து வருவதற்குள் அவளே அடுக்கி முடித்திருந்தாள். பிரவுன் பேப்பர் கசக்கி மலை, மலைக்குள் குகை, மேலே நட்சத்திர விளக்கு. அம்பாள் மேல்படியில் இல்லை. கீழே குகைக்குள் இருந்தாள், சுற்றிலும் ஆடுகள். கலசம் வைக்கும் இடத்தில் கொஞ்சம் வைக்கோல் போட்டு வெறுமையாக விட்டிருந்தாள்.

"இங்க ஏன் ஒண்ணும் இல்ல?"

"அது கடைசி நாள்தானே வெக்கணும்?"

கிறிஸ்துமஸ் இரவு வரை குழந்தை ஏசுவைக் குடிலில் வைக்க மாட்டார்கள். அவள் அந்தக் கணக்கில் கலசத்தைச் சமையலறையில் ஒளித்து வைத்திருந்தாள். அம்பாளை மேலே ஏற்றினோம், கலசத்தை வைத்தோம். குகை மட்டும் அழகாக இருந்ததால் விட்டுவிட்டோம். பழைய கவி அதில் குடியேறினாள்.

கடைசியாக எழுத்துப் பலகை. எல்லார் வீட்டிலும் தீமின் பெயர் எழுதி வைப்பார்கள். 'சாதனைப் பெண்கள்' என்று எழுதிவிடலாம் என்றேன். அவள் தூரிகையைக் கழுவினாள். கழுவி முடித்துவிட்டு, "அப்ப கூட இருந்தவளுக்கெல்லாம் நான் எதுக்கு பொம்ம செஞ்சேன்?" என்றாள்.

பலகை வேண்டாம் என்று முடிவானது. யாராவது கேட்டால் கேட்டதற்குச் சொல்வது. பொய் மட்டும் சொல்வதில்லை.

குழுவில் ஒரு படம் போட்டு, எல்லாரும் வாருங்கள் என்று எழுதினேன். கட்டைவிரல்கள் வந்தன, கைகூப்பல்கள் வந்தன. ஆள் வரவில்லை. முதல் நாள் கொண்டைக்கடலைச் சுண்டலை நாங்களே சாப்பிட்டோம். மறுநாள் பச்சைப்பயறு. காவலாளிக்குக் கொஞ்சம் கொடுத்தோம். லிஃப்ட் எங்கள் மாடியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்வாள். புடவை அவள் வழக்கமாகக் கட்டுவதே இல்லை. எனக்கு அந்தத் தலைப்பைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் விளக்கேற்றிச் சற்று நேரத்தில் மணி அடித்தது. மூன்றாவது மாடி ஆன்ட்டி, கூட அவர் மருமகள். மருமகள் எங்கள் வயதுதான். பூந்தொட்டியைப் பார்த்தாலும் ஃபோட்டோ எடுப்பாள்.

"என்னம்மா, ஜோரா வெச்சிருக்கீங்களாமே?" ஆன்ட்டி உட்காரவில்லை. நேரே கொலுவின் முன் போய் நின்றார். "அய்யய்யோ, எத்தனை ஆடு!"

"நம்ம குடில் ஆடு ஆன்ட்டி. சும்மா பொட்டில கிடந்திச்சு," என்றாள் அவள்.

"இருக்கட்டும், இருக்கட்டும். இது யாரு, கோட்டு போட்டுட்டு?"

"டாக்டர், ஆன்ட்டி," என்றேன். "பொம்பளைங்க டாக்டருக்குப் படிக்கவே விடாத காலத்துல படிச்சவங்க."

"பக்கத்துல?"

"அவங்ககூட இருந்தவங்க."

"நர்ஸா?"

"இல்ல ஆன்ட்டி. கூட இருந்தவங்க. கடைசிவரைக்கும்."

"ம்." அடுத்த படி. "மாடு வெச்சிருக்கறது?"

"ஓவியர். அது அவங்ககூட இருந்தவங்க."

"இது ராக்கெட்டுல போனவளா? ஹெல்மெட் சூப்பரா இருக்கே. பக்கத்துல இவ…" ஆன்ட்டி நிறுத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "கூட இருந்தவ."

"ஆமா ஆன்ட்டி."

மருமகள் ஃபோனைக் கீழே இறக்கியிருந்தாள். ஆன்ட்டி ஒவ்வொரு படியாகக் கண்ணை ஓட்டினார். வாய் மெல்ல அசைந்தது. எண்ணுகிறாரா, பெயர் சொல்கிறாரா தெரியவில்லை. முதுகு காட்டி நின்ற பொம்மையிடம் கொஞ்சம் நின்றார். பிறகு மேல்படியில், கலசத்துக்குப் பக்கத்தில், இரண்டு மரப்பாச்சிகள். ஒன்றுக்கு என் பழைய பட்டுப்பாவாடை ஓரம், இன்னொன்றுக்கு அவளுடைய அம்மா புடவைத் துண்டு.

"ஜோடி மாறிப் போச்சு போலிருக்கேம்மா. ரெண்டும் பொண்ணா வெச்சிருக்கீங்களே."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் என்னை உந்தியது. பார்த்திருந்தால் தள்ளிப்போட்டிருப்பேன்.

"மாறல ஆன்ட்டி," என்றேன். "அதுதான் ஜோடி."

ஆன்ட்டி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

"அப்ப ரெண்டு ராஜாவும்?"

"பார்க்குல நின்னு பேப்பர் படிக்கறாங்க ஆன்ட்டி," என்றாள் அவள்.

ஆன்ட்டி குனிந்து பார்த்தார். மருமகளுக்கு அடக்க முடியவில்லை, களுக்கென்று சிரித்துவிட்டாள். ஆன்ட்டி சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். சுண்டல் கொடுத்தோம். மெதுவாக, ஒவ்வொரு பயறாக மென்றார். தேங்காய் தூக்கல் என்றார். தாம்பூலத் தட்டை நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஒப்பந்தம் எப்ப முடியுது?"

"டிசம்பர்ல ஆன்ட்டி."

"ம்," என்றபடி படியேறிப் போய்விட்டார்.

கதவைச் சாத்தினேன். சந்தாபுராவில், அத்திபெலேயில், பொம்மசந்திராவில் இரண்டு பெண்களுக்கு வீடு கொடுப்பவர்கள் யார் யார் என்று மனதுக்குள் வரிசை ஓடத் தொடங்கியது. அவள் ஆன்ட்டி சாப்பிட்ட கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே சுத்தமான கிண்ணத்தை.

"வந்தாங்க இல்ல," என்றாள். "நம்ம வீட்டுக்கு வந்தாங்க. நீயும் சொல்லிட்ட. போதும்டி."

போதவில்லை என்பது அவள் முதுகில் தெரிந்தது. கிண்ணத்தை அவளிடமிருந்து வாங்கித் துடைத்துக்கொண்டிருந்தபோது மறுபடி மணி அடித்தது.

திறந்தால் பி பிளாக்கில் இருந்து மூன்று பெண்கள். நாங்கள் லிஃப்ட்டில் பார்த்ததோடு சரி. "இங்கதானா அந்த ஜோடி கொலு?" என்றார் முன்னால் நின்றவர். "மூணாவது மாடி அக்கா சொன்னாங்க, தப்பாம பார்க்கணும்னு. ஒவ்வொருத்தருக்கும் ஜோடி வெச்சிருக்காங்க, ஓரமா ஒதுக்கல, சமமா வெச்சிருக்காங்கன்னு."

அவர்கள் உள்ளே வந்து நிற்பதற்குள் முதல் மாடியிலிருந்து இரண்டு பேர். அப்புறம் கன்னடக்காரக் குடும்பம் ஒன்று, மாமியார், மருமகள், இரண்டு சிறுமிகள். "பன்னி, பன்னி, ஒளகே பன்னி," என்று கன்னடத்தில் அவள் கதவருகே நின்று எல்லாரையும் உள்ளே அழைத்துக்கொண்டிருந்தாள். தலைப்பு எங்கே போனதென்று அவளுக்கே தெரியாது. ஒரு சிறுமி கேட்டாள், "ஏன் எல்லாரும் பல்லைக் காட்டறாங்க?" "சந்தோசமா கீறாங்க, அதான்," என்றாள். எல்லாருக்கும் புரிந்ததா என்று சொல்ல மாட்டேன். ஒருவர் எல்லாரையும் அக்கா தங்கைகள் என்றே கடைசிவரை நினைத்தார். இன்னொருவர் புரிந்துகொண்டு, சுண்டலை வாங்காமல் கிளம்பிவிட்டார். மற்றவர்கள் இருந்தார்கள். ஒரு அம்மாள் பாடினார். சுண்டல் தீர்ந்தது. அவசரத்துக்கு வேர்க்கடலையை வறுத்தேன், அதுவும் தீர்ந்தது.

கூட்டத்துக்கு நடுவே ஆன்ட்டி மறுபடி வந்தார், கையில் தூக்குவாளி. அவர் வீட்டுச் சுண்டல். அதை என்னிடம் தந்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சாதாரணமாகச் சொன்னார்.

"ஓனர்கிட்ட பேசிட்டேன். ரெண்டு வருஷத்துக்குப் போட்டுடலாம்னு சொல்லிட்டான். இவ்வளவு பொம்மையத் தூக்கிட்டு வீடு வீடா அலைய முடியுமா? பரண் வேணாமா?"

எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. "பரண்ல ஈரம் வருது ஆன்ட்டி," என்றேன்.

"ஆள அனுப்பறேன்."

பிறகு கொலுவின் எதிரே உட்கார்ந்துகொண்டு, யாரிடம் என்று இல்லாமல் பேசத் தொடங்கினார். "எங்க ஸ்கூல்ல பெரிய மிஸ், சின்ன மிஸ்னு ரெண்டு பேர். பெரிய மிஸ் ஹெட்மிஸ்ட்ரஸ். நாங்கள்ளாம் கணக்கு போட்டு பேங்க் வேலைக்குப் போனதே அவங்களாலதான். சின்ன மிஸ் டிரில் எடுப்பாங்க. ஸ்கூலுக்குப் பின்னாடியே ஒரே வீடு. ரெண்டு பேரும் சாயங்காலம் கத்திரிச் செடிக்குத் தண்ணி ஊத்துவாங்க, ஒருத்தர் குடத்தை ஒருத்தர் வாங்கி. பெரிய மிஸ் போனப்ப ஊரே கூடுச்சு. துக்கம் யார்கிட்ட கேட்கறதுன்னு மட்டும் எங்க யாருக்கும் தெரியல. அவங்க அண்ணன்கிட்ட கேட்டுட்டு வந்துட்டோம்." கொலுவைக் காட்டினார். "இவங்க பக்கத்துல வைக்கலாமில்ல அவங்கள? வெளிநாட்டுக்காரங்களா வெச்சிருக்கீங்க முக்கால்வாசி."

ஆதாரம் என்று நான் வாயெடுக்கவில்லை. என் எக்செலில் இன்னொரு ஜோடிக்கு இடமிருந்தது.

அவள் அதற்குள் அறைக்குப் போய் மெழுகுக் கட்டியும் கத்தியுமாக வந்து, தரையில், ஆன்ட்டியின் காலடியில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். பட்டுப்புடவை மடியில் செய்தித்தாள் விரித்தாகிவிட்டது.

"சொல்லுங்க ஆன்ட்டி. பெரிய மிஸ் ஒசரமா, குள்ளமா?"

"குள்ளம். சின்ன மிஸ்தான் நெட்டை."

"கொண்டையா, பின்னலா?"

"பெரிய மிஸ் கொண்டை. பென்சில் குத்தியிருப்பாங்க அதுல."

"பென்சிலு, சரி. மூக்கு?"

ஆன்ட்டி கண்ணை மூடி யோசித்தார். பி பிளாக்கிலிருந்து வந்த பெண்களில் ஒருவர் நிமிர்ந்தார். "எந்த ஸ்கூல்க்கா? எங்க அம்மாவும் அங்கதான் படிச்சாங்க. இருங்க, அம்மாவுக்கு வீடியோ கால் போடறேன்." போட்டார். ஃபோனுக்குள்ளிருந்து ஒரு குரல் பெரிய மிஸ்ஸின் மூக்கு கூர் என்றது. ஆன்ட்டி, இல்லவே இல்லை, உருண்டை என்றார். சிறுமிகள் இருவரும் கழுத்தை நீட்டி மெழுகைப் பார்த்தார்கள். அவள் இரண்டு மூக்கும் செய்து இரண்டு விரல் நுனியில் ஒட்டித் தூக்கிக் காட்டினாள். ஹால் முழுக்க ஆளுக்கொரு பக்கம் வாக்களித்துக் கத்தினார்கள். நான் கொண்டைக்கடலைப் பாக்கெட்டைப் பிரித்து, நாளைக்கு எவ்வளவு ஊறவைப்பது என்று ஒரு நிமிடம் கணக்குப் பார்த்தேன். பிறகு பாக்கெட்டையே பாத்திரத்தில் கவிழ்த்துவிட்டு, எந்த மூக்கு ஜெயித்தது என்று பார்க்க ஹாலுக்குப் போனேன்.